கிளிப்பச்சைக்காரி

மயிலாப்பூர் பஜார் ரோட்டிலிருந்து பிரிகிற அந்தச் சந்தில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் வீடியோ சேரன் கையால்தான் முடிந்து வரும். கேமரா பிடிப்பவன் வேறு யாராவது இருப்பான். அவன் பிடித்துக் கொண்டுவந்து கொட்டுவதை வெட்டி, ஒட்டி, அழுகிற அத்தையை முன்னால் வைத்து, கொட்டாவி விடுகிற சித்தப்பாவைத் தூக்கி எறிந்து, நாலு பேர் பார்க்கும்படி ஆக்குவது சேரன். மாடியில் இரண்டு அறை வீடு. ஒன்று கம்ப்யூட்டருக்கு, ஒன்று மனுஷருக்கு. ஏசி இருப்பது கம்ப்யூட்டர் அறையில். அந்த வீட்டில் யாருக்கு மரியாதை என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

அவன் மனைவி கயலுக்கு அதில் வருத்தம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் அவளுடைய பெரிய வருத்தம் ஏசி அல்ல. ஊரார் கல்யாணத்தையெல்லாம் அழகாக்கிக் கொடுக்கிறவன், தன் கல்யாணத்தை மட்டும் இன்னும் தொடவில்லை. கல்யாணமாகி ஆறு வருஷம். அத்தனையும் ஒரு கறுப்பு ஹார்ட் டிஸ்க்கில் வெட்டாமல் ஒட்டாமல் பச்சையாகக் கிடக்கிறது. பீரோவில், அவளுடைய நகை டப்பாவுக்குப் பக்கத்தில். கேட்டால், "சீசன் முடியட்டும் கயலு" என்பான். கல்யாண சீசன் சென்னையில் எப்போது முடிந்திருக்கிறது? ஆடி வந்தால் மூச்சு விடலாம் என்று பார்த்தால், வைகாசியில் தாலி கட்டியவர்கள் எல்லாம் ஆடியில்தான் வீடியோ எங்கே என்று போன் போடுவார்கள்.

கயலுக்கு வேலை தி.நகரில். பெரிய ஜவுளிக்கடை ஒன்றின் இரண்டாவது மாடியில், பட்டுப் பிரிவில். நாள் முழுக்க நின்றுகொண்டு, எவளோ கட்டப்போகிற புடவையைத் தன் தோளில் போட்டுக் காட்டி, அவள் உதட்டைப் பிதுக்கினால் மறுபடி மடித்து வைக்கிற வேலை. அங்கே வேலை செய்கிற பெண்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. மனதுக்குப் பிடித்த புடவை ஏதாவது வந்து இறங்கிவிட்டால் அதை அடுக்கின் அடியில், சுவரை ஒட்டிச் செருகிவிடுவார்கள். தீபாவளி போனஸ் வரும்வரை அது அங்கேயே ஒளிந்திருக்கும். ஒருத்தி ஒளித்ததை இன்னொருத்தி எடுத்து வாடிக்கையாளருக்குக் காட்டக் கூடாது. சூப்பர்வைசருக்குத் தெரியாத சட்டம்.

இந்த வருஷம் கயல் ஒரு கிளிப்பச்சையை ஒளித்து வைத்திருந்தாள். அரக்கு பார்டர். பார்டர் முழுக்கக் குட்டிக் குட்டிக் கிளிகள், எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி. முந்தானை தொடங்குகிற இடத்தில் ஒரு கிளி மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும். தறியில் நடந்த தவறோ, நெய்தவரின் குறும்போ, அந்த ஒற்றைக் கிளிக்காகவே அவளுக்கு அந்தப் புடவை மேல் உயிர். காய்ச்சல் என்று ஒரு நாள் லீவு போட்டாள். சட்டம் தெரியாத புதுப் பெண் ஒருத்தி அடுக்கைக் கலைத்து, அதை எடுத்துக் காட்டி, விற்றும் விட்டாள். அந்தப் பெண்ணோடு கயல் இன்றுவரை சாப்பாட்டு டப்பாவைப் பகிர்ந்துகொண்டதில்லை.

அந்தப் புடவையை அவள் மறுபடி பார்த்தது தன் வீட்டில், தன் புருஷனின் மானிட்டரில்.

வேலை முடிந்து வந்து, டீ போட்டு எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் அறைக்குள் போனாள். திரையில் கிளிப்பச்சை. முதலில் புடவையைத்தான் பார்த்தாள். முந்தானைக்குப் பக்கத்தில் திரும்பி நிற்கிற கிளியையும் பார்த்துவிட்டாள். அதற்கப்புறம்தான் அதைக் கட்டியிருந்தவள் கண்ணில் பட்டாள். வயது முப்பத்திரண்டு முப்பத்துமூன்று இருக்கும். கல்யாண மண்டபத்துத் தூணில் சாய்ந்தபடி எதையோ பார்த்துச் சிரிக்கிறாள். சிரித்து முடித்தாள். சேரன் டைம்லைனில் இருந்த ஊசியை இடது பக்கம் இழுத்தான். அவள் மறுபடி சிரித்தாள். மறுபடி இழுத்தான்.

டைம்லைன் என்பதைக் கயல் ஆறு வருஷமாகப் பார்க்கிறாள். திரையின் அடியில் இடமிருந்து வலமாக ஒரு நீளப் பட்டை. மேல் வரிசையில் படத் துண்டுகள், கீழ் வரிசையில் சத்தம். நடுவில் நிற்கிற மெல்லிய கோடுதான் ஊசி. ஊசி எங்கே நிற்கிறதோ அந்த நிமிஷம் மேலே திரையில் தெரியும். முழுக் கல்யாணமும் சேலை விரித்த மாதிரி அங்கே கிடக்கும். எப்போதும் எல்லாத் துண்டும் ஒரே நீலத்தில்தான் இருக்கும். சேரன் கலர் பார்க்கிற ஆள் அல்ல. அவன் கல்யாணச் சட்டையையே அவனுடைய அக்காதான் தேர்ந்தெடுத்தாள். இன்றைக்கோ நீலத்துக்கு நடுவே அங்கங்கே ரோஸ் கலர். ஒவ்வொரு ரோஸ் துண்டின் மூலையிலும் பொடிசாய் ஒரு படம் தெரிந்தது. எல்லாவற்றிலும் அதே பச்சை.

"யாருப்பா இது?" என்றாள்.

"எது?"

"பச்ச."

"கஸ்டமர் வூட்டு ஆளு."

"இன்னா ஆளு?"

"ஆளுன்னா ஆளுதான். டீய அங்க வெச்சிட்டுப் போ கயலு, கீபோர்டு மேல ஊத்திடப் போற."

சொல்லிக்கொண்டே அவன் கை ஊசியைச் சட்டென்று வேறிடத்துக்கு இழுத்தது. திரையில் பச்சை போய், ஆரத்தித் தட்டு வந்தது. கயல் அதையும் கவனித்தாள். புருஷன் சட்டென்று ஒரு பெண்ணை மறைத்து ஆரத்தித் தட்டைக் காட்டினால் எந்தப் பெண்டாட்டி ஆரத்தித் தட்டைப் பார்ப்பாள்?

கீழ் வீட்டில் அஸ்மத்துன்னிசா இருக்கிறாள். பிளவுஸ் தைப்பவள். கயலுக்கு அவள் 'ஆபா', அதாவது அக்கா. மயிலாப்பூரிலும் அடையாறிலும் பெசன்ட் நகரிலும் பாதிப் பெண்களின் முதுகளவு அவளுக்கு மனப்பாடம். அளவு கொடுக்கிற பெண்கள் வாயைச் சும்மா வைத்துக்கொண்டு நிற்க மாட்டார்கள் என்பதால் வீட்டு விஷயங்களும் மனப்பாடம். சேரனுக்கு இந்தப் பெசன்ட் நகர் கல்யாணத்தைப் பிடித்துக் கொடுத்ததே அவள்தான். மறுநாள் சாயங்காலம் கயல் கீழே இறங்கியதும் அஸ்மத்துன்னிசா மிஷினை நிறுத்தினாள்.

"இன்னா கயலு, மூஞ்சி இன்னா இப்டி கீது? கடைல எவகிட்டயாச்சும் சண்டையா?"

"ஒண்ணுமில்ல ஆபா."

"ஒண்ணுமில்லன்னு சொல்றதுக்கா படி எறங்கி வந்த? உக்காரு."

கயல் உட்கார்ந்தாள். எல்லாம் வந்துவிட்டது. புடவை, கிளி, சிரிப்பு, ரோஸ் கலர், ஆரத்தித் தட்டு.

"எத்தினி வாட்டி பாத்தான் அந்தச் சிரிப்ப?"

"நான் நின்னுக்கினு இருக்கும்போதே நாலு வாட்டி. முன்னாடி எத்தினியோ."

"எங்கூட்டுக்காரரு நிக்காஹ் போட்டோல என் மூஞ்சிய ஒரு வாட்டி பாத்தாரு. 'லைட்டு சரியில்ல'ன்னாரு. அத்தோட மூடி வெச்சாரு." அஸ்மத்துன்னிசா வாயிலிருந்த குண்டூசியை எடுத்துத் துணியில் குத்தினாள். "நாலு வாட்டி பாத்தான்னா அது தொழில் இல்லடி."

"அந்தப் பெசன்ட் நகர் அம்மா உன் கஸ்டமர்தானே. அவங்க வூட்ல இப்டி யாரும் கீறாங்களா? மாப்ள தங்கச்சி, அக்கா..."

"அவங்களுக்கு ஏது? 'எனக்கு ஒரே புள்ள, சுஹாஸ்'னு வாய் ஓயாம சொல்லுவாங்க. பொண்ணு வூட்டு ஆளா இருக்கும். தனியா வந்தாளா, புருஷனோட வந்தாளா?"

"எல்லாத்துலயும் தனியாத்தான் நிக்கிறா."

"அப்ப சரி" என்று அஸ்மத்துன்னிசா மிஷினை ஓட்டத் தொடங்கினாள்.

அந்த 'அப்ப சரி'யை எடுத்துக்கொண்டு மேலே வந்த கயலுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கடையில் ஒரு அம்மாள் பச்சைப் பட்டு கேட்டதற்கு, "பச்ச யாருக்கும் நல்லாருக்காதும்மா" என்று சொல்லி சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

திங்கட்கிழமை அவளுக்கு வாராந்திர லீவு. அன்று சாயங்காலம் அந்தக் கல்யாண வீட்டார் வீடியோ பார்க்க வருவதாக இருந்தது. மத்தியானம் சேரன் அவர்களுடைய ஆல்பத்தை வாங்கிவர ஈக்காட்டுத்தாங்கலில் இருக்கும் பைண்டிங் பட்டறைக்குக் கிளம்பினான்.

"கம்ப்யூட்டர ஆஃப் பண்ணாத. அப்டியே இருக்கட்டும். வந்து ஓட்டிக் காட்டணும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

கயல் வீட்டைப் பெருக்கினாள். கஸ்டமர் வருகிறார்கள் என்று சோபா உறையை மாற்றினாள். பெருக்குகிற சாக்கில் கம்ப்யூட்டர் அறைக்குள் போனாள். பெருக்கி முடித்த பிறகும் வெளியே வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள்.

சும்மா பார்க்கத்தான் உட்கார்ந்தாள். ஊசியைப் பிடித்து ஒரு ரோஸ் துண்டின் மேல் கொண்டு நிறுத்தினாள். தூணோரச் சிரிப்பு. ஓடவிட்டாள். சிரிப்பு சாதாரணமாக ஓடவில்லை, ஸ்லோ மோஷனில் மெதுவாக மலர்ந்தது. மண்டபத்து டியூப்லைட்டில் மற்றவர்கள் முகமெல்லாம் வெளுத்துக் கிடக்க, அவள் முகத்துக்கு மட்டும் சூடான ஒரு மஞ்சள் வெளிச்சம் ஏற்றப்பட்டிருந்தது. அந்த இடத்துக்கு மட்டும் தனியாக ஒரு வீணை.

வீணை! சொந்தக் கல்யாணத்துக்கு ஒரு சினிமாப் பாட்டுகூடப் போட்டுத் தராதவன்.

அதற்குமேல் கயல் எதையும் ஓடவிட்டுப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கதையே வேறு. மற்ற ரோஸ் துண்டுகளில் அந்தப் பெண் என்ன செய்கிறாள், எங்கே நிற்கிறாள், கையில் என்ன வைத்திருக்கிறாள் என்பதெல்லாம் தெரிந்திருக்கும். தெரிந்திருந்தால், கல்யாணத்துக்குப் போய் வருகிற எந்தத் தமிழ்ப் பெண்ணுக்கும் அவள் யார் என்பது புரிந்திருக்கும். ஆனால் வயிறு எரிகிற நேரத்தில் யார் ப்ளே பட்டனைத் தேடுவார்கள்? கயல் டெலீட் பட்டனைத் தேடினாள்.

டீ கொடுக்கவும் டம்ளர் எடுக்கவும் வந்து போன ஆறு வருஷத்தில் அவளும் கொஞ்சம் கற்றிருந்தாள். ஒரு ரோஸ் துண்டின் மேல் வலது கிளிக். அதே நிறத்தில் இருப்பதையெல்லாம் சேர்த்துத் தேர்ந்தெடுக்க ஒரு வழி உண்டு. தேர்ந்தெடுத்தாள். மண்டப வாசலிலிருந்து பந்திவரை அத்தனை ரோஸும் ஒரே நேரத்தில் பளிச்சென்று ஒளிர்ந்தன. இவ்வளவா! வெறும் டெலீட் போட்டால் அந்த இடங்களில் ஓட்டை விழும், ஓட்டையில் திரை கறுத்துப் போகும். ஷிஃப்டையும் சேர்த்து அழுத்தினால் வலது பக்கம் இருப்பதெல்லாம் நகர்ந்து வந்து ஓட்டையை மூடிக்கொள்ளும். சேரன் அப்படித்தான் செய்வான்.

ஷிஃப்ட். டெலீட்.

ரோஸ் போயிற்று. நீலமெல்லாம் சரசரவென்று இடது பக்கம் நகர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. அடுக்கிலிருந்து ஒரு புடவையை உருவினால் மேலே உள்ளவை சத்தமில்லாமல் இறங்குமே, அது போல. அப்படியொரு சுத்தம். கீழே இருந்த சத்தப் பட்டை மட்டும் அசையவில்லை. கை பட்டு நகர்ந்துவிடக் கூடாதென்று சேரன் அதற்குப் பூட்டுப் போட்டு வைத்திருந்தான். பக்கத்தில் குட்டியாய் ஒரு பூட்டுப் படம். 'நல்லதாப் போச்சு, சத்தத்துக்கு ஒண்ணும் ஆவல' என்று கயல் நினைத்துக்கொண்டாள். கண்ட்ரோல் எஸ்ஸும் போட்டாள். எந்த வேலை செய்தாலும் சேவ் செய் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான்.

அன்றைக்கு மத்தியானம் அவள் இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

சேரன் கிண்டி நெரிசலில் மாட்டிக்கொண்டு, ஆல்பத்தைக் கக்கத்தில் இடுக்கியபடி வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தபோது கஸ்டமர்கள் சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேர். மாப்பிள்ளை சுஹாஸ், புதுப்பெண் தமிழ்மொழி, நடுவில் சுஹாஸின் அம்மா. அந்தம்மா உட்கார்ந்த தோரணையைப் பார்த்தால் கல்யாணம் அவருக்கும் அந்த மண்டபத்துக்கும் நடந்த மாதிரி இருந்தது.

"இன்னும் ஃபைனலா போடலம்மா. நேரா டைம்லைன்ல இருந்தே ஓட்டுறேன். மாத்தம் இருந்தா சொல்லுங்க" என்று சேரன் உள்ளே போய், ஹாலில் இருந்த டிவிக்கு இணைப்புக் கொடுத்தான். போகிற வழியில் அவனும் சுஹாஸும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்கள். காபி டம்ளர்களோடு அடுக்களை வாசலில் நின்ற கயல் அந்தப் பார்வையைப் பிடித்தாள். ஆனால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

படம் ஓடியது. கோலம், வாசல் வாழை, மாப்பிள்ளை அழைப்பு. சுஹாஸ் சோபாவின் நுனிக்கு வந்து உட்கார்ந்து எதற்கோ காத்திருந்தான். அது வரவில்லை. சேரன் கதவிடுக்கில் நின்று டிவியைப் பார்த்தான், உள்ளே திரும்பி மானிட்டரைப் பார்த்தான், மறுபடி டிவியைப் பார்த்தான். அவன் முகத்தில் இருந்த வேர்வை கிண்டி வேர்வை அல்ல.

"பரவால்ல தம்பி," என்றார் அந்தம்மா, நிம்மதியாக. "நான் சொன்ன மாதிரியே எடுத்துட்டீங்க. ஒரு இடத்துலகூட இல்ல."

சுஹாஸ் சேரனை ஒரு முறை முறைத்தான். நம்பிக்கைத் துரோகியைப் பார்க்கிற பார்வை அது.

கயலுக்குக் குழப்பமாகிவிட்டது. இந்தம்மாவே அந்தப் பச்சையை எடுக்கச் சொல்லியிருந்தார் என்றால், தான் செய்தது கஸ்டமர் சொன்ன வேலையையா?

அதற்குள் முகூர்த்தம் வந்துவிட்டது. சுஹாஸ் தாலியைக் கையில் எடுத்தான். எல்லோரும் டிவியை நோக்கி லேசாகக் குனிந்தார்கள். அவன் தமிழ்மொழியின் கழுத்தருகே கையைக் கொண்டுபோனான். அட்சதை பறந்தது. மேளத்தைக் காணோம். அதற்குப் பதில் ஐயரின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"கால் மரத்துப் போச்சா மாப்ள? மாத்திப் போட்டு ஒக்காருங்கோ. யாருப்பா அது, அந்த ஃபேன இந்தப் பக்கம் திருப்பு."

சுஹாஸ் ஒரு முடிச்சுப் போட்டான். அடுத்த நொடியே மாப்பிள்ளையும் பெண்ணும் அக்கினியைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். சுற்றி முடித்து, மெட்டி போட்டு, ஆசீர்வாதம் வாங்கி, பந்திக்கே போய்விட்டார்கள். பந்தியில் முதல் இலையில் தாய்மாமா. அந்தம்மாவின் தம்பி. ஜரிகை வேட்டி, விரலுக்கு ஒரு மோதிரம். அவர் ஒரு முழு ஜாங்கிரியை எடுத்து, வாயைப் பெரிதாகத் திறந்தார்.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

தவிலும் நாதஸ்வரமும் இடியாய் முழங்க, தாய்மாமா ஜாங்கிரியை வாய்க்குள் செலுத்தினார்.

புதுப்பெண் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். முடியவில்லை. சோபாவே குலுங்கியது. அந்தம்மா அவளை ஒரு பார்வை பார்த்தார், பிறகு சேரனை.

"என்ன தம்பி இது? என் தம்பி ஜாங்கிரி சாப்பிடறதுக்கா கெட்டிமேளம்?"

"சத்தம் நழுவிடுச்சும்மா. ஒரு நிமிஷம்" என்றான் சேரன்.

"அது இருக்கட்டும். முடிச்சு?" அந்தம்மாவின் குரல் இறங்கியது. "ஒரு முடிச்சுதானே போட்டான். மீதி ரெண்டு எங்க?"

அந்தம்மா மருமகள் பக்கம் திரும்பினார்.

"ஒத்த முடிச்சோட கல்யாணமா? சம்பந்தி வீட்ல பார்த்தா என்ன நினைப்பாங்க?"

"எங்கம்மா மயங்கியே விழுந்துடுவாங்க அத்தை" என்றாள் தமிழ்மொழி, சிரிப்பை விழுங்கிக்கொண்டு.

சுஹாஸ் எழுந்து நின்றான். "மீதி ரெண்டு முடிச்ச யாரும்மா போடுவாங்க? நாத்தனார்தானே போடணும். நீரஜா அக்காதான் போட்டா. நீ அவ மூஞ்சியே இருக்கக் கூடாதுன்ன. அவள எடுத்தா முடிச்சும் சேர்ந்துதான் போகும்."

அடுக்களை வாசலில் நின்ற கயல் டம்ளர்களை அப்படியே கீழே வைத்துவிட்டாள். நாத்தனார்! பெண்ணின் முதுகுக்குப் பின்னால் நின்று தாலி முடிச்சுப் போட்டவளை, விளக்குப் பிடித்து நின்றவளை, புருஷனின் ரகசியக்காரி என்று நினைத்திருக்கிறாள்.

மீதி விஷயம் அம்மாவும் பிள்ளையும் போட்ட சண்டையிலேயே வந்து விழுந்தது. நீரஜாவை அந்தம்மா தன் தம்பி மகனுக்கே கட்டிக்கொடுத்திருந்தார். இரண்டே வருஷத்தில் நீரஜா அந்த வீட்டை விட்டு வெளியே வந்துவிட்டாள். ஜாங்கிரி மாமா அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார். தம்பியை விட முடியாத அக்கா மகளை விட்டார். அன்றிலிருந்துதான் 'எனக்கு ஒரே புள்ள'. கல்யாணத்துக்கு நீரஜா கூப்பிடாமலே வந்து தூணோரம் நின்றாள். சுஹாஸ் மணையில் உட்கார்ந்தபடியே அவளைப் பார்த்துவிட்டு, அக்கா வந்தால்தான் தாலியைத் தொடுவேன் என்று சொல்லி மேடைக்கு வரவழைத்தான்.

"மாமா இந்த வீடியோவப் பார்ப்பாருடா" என்றார் அந்தம்மா.

"பார்க்கட்டுமே. ஜாங்கிரிய எடுத்துட்டா அவருக்குக் கோவம் வராது."

சேரன் இதில் எதிலும் தலையிடாமல் உள்ளே போனான். கயல் எட்டிப் பார்த்தாள். அவன் மானிட்டர் முன்னால் குனிந்து, கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு இசட்டை ஒரு தட்டுத் தட்டினான். செய்ததை மாற்றிப் போடுகிற தட்டு அது. நீலமெல்லாம் விலகி வழிவிட்டது. போன இடத்துக்கே ரோஸ் அத்தனையும் திரும்பி வந்து உட்கார்ந்தது. அப்போது அவன் தலையைத் திருப்பிக் கயலை ஒரு பார்வை பார்த்தான்.

மறுபடி முகூர்த்தம் ஓடியது. இம்முறை கெட்டிமேளம் தன் இடத்தில் கொட்டியது. சுஹாஸ் ஒரு முடிச்சுப் போட்டதும் பின்னாலிருந்து இரண்டு கைகள் வந்தன. பச்சை, அரக்கு, கிளிகள். இரண்டாவது முடிச்சு. மூன்றாவது முடிச்சு. பிறகு அந்த முகம், சிரிப்பும் அழுகையுமாக, சூடான மஞ்சள் வெளிச்சத்தில், பின்னணியில் வீணையோடு.

அந்தம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார், போட்டுக்கொண்டார்.

"இந்தப் புடவைய எங்க எடுத்தாளாம்?" என்றார் கடைசியில், யாரையும் பார்க்காமல்.

"எங்க கடைலம்மா" என்று கயலின் வாய் முந்திக்கொண்டது. எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். "தி.நகர்ல. ஒரே பீஸ்தான் வந்துது."

"கலர் எடுக்குது அவளுக்கு."

"எல்லாருக்கும் எடுக்கும்மா அந்தக் கலரு" என்றாள் கயல். அவள் குரலில் இருந்த கடுப்பு அங்கே யாருக்கும் புரிந்திருக்க நியாயமில்லை.

அந்தம்மா எழுந்தார். "முடிச்சு இருக்கட்டும். முடிச்சு போட ஆள் வேணுமில்ல, அப்படின்னு என் தம்பிகிட்ட சொல்லிக்கிறேன்." படி இறங்குவதற்கு முன் நின்றார். "தூண்கிட்ட சிரிக்கிறது மட்டும் கொஞ்சம் அதிகமா இருக்கு. கொஞ்சமா குறைங்க. ரொம்பக் குறைக்க வேணாம்."

அவர்கள் போன பிறகு சேரன் சோபாவில் வந்து விழுந்தான்.

"ஷிஃப்ட் டெலீட்" என்றான்.

கயல் டம்ளர்களை எண்ணுவது போல் அடுக்கினாள்.

"ஆபா மேல வந்து போட்டாங்களா?"

"நான்தான். இன்னா இப்போ? அவளுக்கு மட்டும் வீணையா?"

"அந்தம்மாவுக்கு மனசு எளகணும், அந்த மாதிரி பண்ணிக் குடுங்கன்னு சுஹாஸ் சார் கேட்டாரு. அதுக்குத்தான் வீணை. ஒரு வாரமா மண்டைய ஒடச்சிக்கினு கீறேன்."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலாமில்ல?"

"உன்கிட்ட சொன்னா கீழ போவும். கீழ இருந்து நேரா பெசன்ட் நகருக்குப் போவும். அந்தம்மாவோட பிளவுஸ் ரெண்டு இப்பவே ஆபா மிஷின்ல கீது."

கயல் தன் கடைசி ஆயுதத்தை எடுத்தாள். பீரோவைத் திறந்து கறுப்பு ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்து அவன் மடியில் போட்டாள்.

"ஊர்ல இருக்கிற நாத்தனாருக்கெல்லாம் மஞ்ச வெளிச்சம் போடு. எனக்கு? ஆறு வருஷமாச்சு. நான் அவ்ளோ நல்லாவா இல்ல?"

சேரன் அதைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "உனக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. நான்தான் சரியில்ல."

"இன்னா சரியில்ல?"

"வா, காட்டுறேன்."

கம்ப்யூட்டர் அறையில், ஏசிக்கு அடியில், இரண்டு பேரும் ஒரே நாற்காலியில் பாதிப் பாதியாக உட்கார்ந்தார்கள். டைம்லைனில் அவர்களுடைய கல்யாணம் வெட்டப்படாமல் நீளமாய் விரிந்தது. சேரன் நேராக முகூர்த்தத்துக்கு ஊசியை இழுத்தான்.

கெட்டிமேளம். கயல் தலை குனிந்திருக்கிறாள். மாப்பிள்ளை சேரன் தாலியைக் கட்டுகிறான். கண் தாலியில் இல்லை, பெண்ணிலும் இல்லை. வலது பக்கம் நிற்கிற கேமராக்காரனைப் பார்த்து, 'இன்னும் கிட்ட வா, லைட்ட கொஞ்சம் எறக்கு' என்று தாடையாலேயே சைகை காட்டிக்கொண்டிருக்கிறான். முடிச்சைக் கை தடவித் தடவிப் போடுகிறது. ஊசியை நகர்த்தினான். அம்மி மிதிக்கிறபோது, 'மேல இருந்து எடு' என்று விரலால் காட்டுகிறான். பால் பழம் கொடுக்கிறபோது டிரோனைப் பார்க்கிறான்.

"எத்தினியோ வாட்டி வெட்ட உக்காந்தேன்," என்றான் சேரன். "எங்க வெட்டினாலும் நான் உன்னப் பாக்குற ஷாட்டு ஒண்ணுகூட இல்ல. இத எப்டி உனக்குப் போட்டுக் காட்டுறது?"

ஆறு வருஷமாக யார் யார் மேலோ பொறாமைப்பட்ட கயலுக்கு, பட வேண்டியது ஒரு கேமராக்காரன் மேல் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவளுக்கு அழுகை வர வேண்டும். வரவில்லை. அவன் கையிலிருந்த மவுஸைப் பிடுங்கினாள்.

"தள்ளு. உனக்குத் தேடத் தெரியல."

ஊசியைப் பிடித்து இடமும் வலமுமாக இழுத்தாள். சேரனின் தாடை, சேரனின் விரல், சேரனின் பின்தலை. ஒரு ஷாட்டாவது இருக்காதா என்று வேறு கேமரா பிடித்ததற்குத் தாவினாள். எதிர்ப்பக்கத்திலிருந்து எடுத்தது. அதே கெட்டிமேளம். சேரன் வழக்கம்போல் வலது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். கயல் ஊசியை நகர்த்தப் போனாள்.

"நில்லு நில்லு," என்றான் சேரன். "நீ எங்க பாக்குற?"

திரையில் புதுப்பெண் கயல் தலை குனிந்துதான் இருந்தாள். ஆனால் கண் இடது பக்கம் ஓரமாக ஏறியிருந்தது. தாலி கழுத்தில் ஏறுகிற அந்த நேரத்தில், முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த யாரையோ முழுங்கிவிடுகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

சேரன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "யாருடி அங்க?"

கயல் உதட்டைக் கடித்தாள்.

"கயலு. முகூர்த்தத்துல யாரப் பாத்த?"

"உங்க சித்திய."

"சித்தியவா? எதுக்கு?"

"மயில்கழுத்துக் கலர்ல ஒரு புடவ கட்டினு வந்தாங்களே. அதப் பாத்தேன். மாப்ள சித்திக்கு அவ்ளோ நல்ல புடவ எதுக்கு, எனக்கு எடுத்தத விட நல்லாருக்கேன்னு..."

சேரன் சிரிக்கத் தொடங்கினான். நாற்காலியின் பாதியிலிருந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்தும் சிரித்தான். கயல் அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். பிறகு அவளும் சேர்ந்துகொண்டாள். கீழே மிஷின் சத்தம் நின்றது. ஜன்னல் வழியாக அஸ்மத்துன்னிசாவின் குரல் ஏறி வந்தது.

"இன்னாடி கயலு! யாரு அந்தப் பச்ச, தெரிஞ்சுதா?"

சேரன் வாயில் விரலை வைத்து வேண்டாம் என்று தலையாட்டினான்.

"ஒண்ணுமில்ல ஆபா!" என்று கயல் கத்தினாள். "ஆரத்தித் தட்டு!"

கீழே மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

கயல் டைம்லைனுக்குத் திரும்பினாள். மாப்பிள்ளை கேமராவைப் பார்க்க, பெண் சித்தியின் புடவையைப் பார்க்க, நடுவில் தாலி யார் துணையும் இல்லாமல் தானாகக் கழுத்தில் ஏறுகிற அந்தத் துண்டின் மேல் வலது கிளிக் செய்தாள். ரோஸைத் தேர்ந்தெடுத்தாள்.

"இத எடுத்துடாத," என்றாள். "இதுக்கும் வீணை போடு. அப்புறம் இந்தத் தீபாவளிக்கு அந்த மாதிரி ஒரு கிளிப்பச்ச. கிளி திரும்பி நிக்கணும்."